மூன்று தோசைக்கான ஊசி

"எத்தன தோசை?" என்று மேசையிலிருந்து ஷாமளா கேட்டாள். சசிதரன் அடுப்பைப் பார்த்தபடியே, "மூணு" என்றான். இன்சுலின் பேனாவின் அடியை அவள் திருகும் சத்தம் கேட்டது. சட்டையை லேசாகத் தூக்கி வயிற்றில் குத்திக்கொண்டாள். பேசிக்கொண்டே குத்திக்கொள்வாள். கண்ணாடி பார்த்துப் பொட்டு வைப்பதற்கு எடுத்துக்கொள்ளும் கவனம்கூட அதற்குத் தேவைப்படாது.

அவளை அவன் முதன்முதலில் பார்த்ததே அப்படித்தான். செமெலிங் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் அறை ஏர்கோனைப் பழுதுபார்க்கக் கழற்றிப் போட்டுக்கொண்டு ஏணியில் நின்றிருந்தான். கீழே ஒரு டீச்சர் மீகூன் சேமியாப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு நிமிடம் கண்ணால் அளந்து, ஊசி போட்டுக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டாள். பன்னிரண்டு வயதில் சர்க்கரை நோய் வந்ததிலிருந்தே இப்படித்தானாம். கல்யாணப் பேச்சு வந்தபோது அதைத்தான் முதலில் சொன்னாள். அவன் அதெல்லாம் ஒன்றுமில்லை என்றான். மனசாரத்தான் சொன்னான்.

ஆனால் சேர்ந்து வாழத் தொடங்கியதும் பயம் வந்துவிட்டது. அவன் அப்பா குழந்தைவேலு தோட்டத்தில் லாரி ஓட்டியவர். கெட்டிப்பால் கலந்த தேத்தண்ணி இல்லாமல் வண்டியை எடுக்கமாட்டார். இனிப்புநீர் வியாதி முதலில் அவருடைய கால்விரலில் புண்ணாக வந்து, பாதத்தைக் கேட்டு, முழங்கால்வரை வாங்கிக்கொண்டுதான் போனது. கடைசி இரண்டு வருடம் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டியவன் சசிதரன். அதிலிருந்து சீனி என்றாலே அவனுக்கு ஆகாது. தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் வாங்குவதை நிறுத்தினான். காலையில் ஓட்ஸ் கிண்டினான். அவளும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டாள். ஒருநாள் மட்டும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"உங்கப்பாவுக்கு வந்தது வேற, எனக்கு வந்தது வேற. அவருக்குள்ள இன்சுலின் இருந்துச்சு, சரியா வேல செய்யல. எனக்குக் கடையே மூடியாச்சு லா. ஓட்ஸ் தின்னாலும் ஊசி, ரொட்டி சானாய் தின்னாலும் ஊசி. அளவுதான் வேற."

அவன் தலையை ஆட்டினான். தலைக்குப் புரிந்தது வயிற்றுக்குள் இறங்கவில்லை.

இப்போது அடுப்பிலிருந்த அந்த வெள்ளிக்கிழமைத் தோசையும் அப்படி வந்ததுதான். போனில் பார்த்தது. அரிசியே இல்லாமல் உளுந்தை அரைத்து, அதில் சீனக் கடையில் விற்கும் வெள்ளைத் தவ்ஹு என்ற சோயாக் கட்டியை மசித்துக் கலந்தால் மாவு பார்க்க வழக்கம்போலவே இருக்கும். சொன்னால் வேண்டாம் என்பாள். அதனால் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்து, நாள் முழுக்க ரத்தத்தில் சீனி ஏறாமல் இருப்பதை அவளே கண்டு ஆச்சரியப்பட்ட பிறகு சொல்லலாம் என்று ஆசையோடு இருந்தான்.

"இன்னிக்கி மெத்துமெத்துன்னு இருக்கே," என்று மூன்றையும் சாப்பிட்டாள். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அங்கே வெள்ளிக்கிழமை பள்ளி விடுமுறை நாள் என்பதால் கருவாடு வாங்கத் தஞ்சோங் டாவாய்க்குப் புறப்பட்டார்கள். கார் இருந்தும் மோட்டார்சைக்கிளில் போகலாம் என்றது அவள்தான். பீடோங்கைத் தாண்டியதும் வலப்பக்கம் ஜெராய் மலை மேகத்தைத் தலையில் போட்டுக்கொண்டு கூடவே வந்தது. செம்பனை நிழல் சாலையில் கோடு கோடாக விழுந்திருந்தது. மெர்போக் நெருங்கும்போது அவள் தலை அவன் முதுகில் சாய்ந்தது. கல்யாணமான புதிதில் அப்படிச் சாய்ந்துகொண்டு வருவாள். அவன் வேகத்தைக் குறைத்தான். சாலை இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கக்கூடாதா என்றுகூட நினைத்தான்.

பிறகு அந்தத் தலை கனத்தது. இடுப்பைப் பிடித்திருந்த கை நழுவியது. சட்டென்று ஒரு கையால் அதைப் பற்றினான். ஜில்லென்று நனைந்திருந்தது.

"ஷாமளா?"

"பிள்ளைங்கள வரிசையா நிக்கச் சொல்லுங்க," என்றாள் அவள், வகுப்பில் நிற்பதுபோல.

சாலையோரம் ஒரு மலாய்க்காரம்மாவின் பலகாரக் கடை. வண்டியை நிறுத்தி அவளைத் தாங்கி நாற்காலியில் உட்கார வைத்தான். உதடு வெளுத்திருந்தது, நெற்றி வேர்வை கண்ணில் வழிந்தது. கண் திறந்திருந்தும் அவனைப் பார்க்கவில்லை. சீனி இறங்கிவிட்டால் போட்டுக்கொள்ள அவள் பையில் மிட்டாய் இருக்கும் என்பது தெரியும். ஜிப்பைத் திறக்க அவன் விரல்களுக்கு வரவில்லை. "மக்சிக், சீனித்தண்ணி, சீக்கிரம்," என்று தமிழும் மலாயுமாக எதையோ கேட்டான். அந்த அம்மா ஐஸ் போடாமல் ஒரு குவளை ரோஜா நிறச் சிராப் சர்பத்தைக் கொண்டுவந்து நீட்டினார். இத்தனை மாதமாக வீட்டு வாசலுக்குள் விடாமல் துரத்திய சீனியை, குடி மா, இன்னும் கொஞ்சம் மா என்று வாய்வாயாகக் குடிக்கவைத்தான். அவள் ஒவ்வொரு மிடறையும் விழுங்குகிறாளா என்று தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கொஞ்சம் கொஞ்சமாக அவள் திரும்பி வந்தாள். முதலில் கண், பிறகு உதட்டின் நிறம். தானே பையைத் திறந்து விரலில் குத்தி ரத்தம் பார்த்தாள். இன்னும் குறைவுதான். இன்னொரு குவளை குடித்துவிட்டுச் சற்று நேரம் கழித்து மறுபடியும் பார்த்தாள். ஏறியிருந்தது. அப்புறம்தான் கேட்டாள்.

"தோசையில என்னா போட்டீங்க?"

சொன்னான். உளுந்து, தவ்ஹு, போனில் பார்த்தது, சொல்லாமல் விட்டது எல்லாவற்றையும். திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அரிசித் தோசை மூணுக்கு ஊசி போட்டேன். அரிசியே இல்லன்னா, இருக்கற சீனியயும் அது இறக்கிடும் லா. தட்டு பொய் சொன்னா நான் என்னா பண்ணுவேன், சொல்லுங்க."

மலாய்க்காரம்மா அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டு துடைத்த மேசையையே துடைத்தார்.

"பயமா இருந்துச்சு," என்றான் கடைசியில். "அப்பா மாதிரி..."

"தெரியும். எனக்கும் பயம் உண்டு. ரெண்டு பேரும் தனித்தனியா பயப்பட்டா எப்டி? எங்கிட்ட கேட்டுட்டுப் பயப்படுங்க."

அவளுக்குப் பசித்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வாழையிலையில் சுட்ட புலுட் அடுக்கியிருந்தது. ஒன்றை வாங்கி வரச் சொன்னாள். பசையரிசி ஆச்சே என்று அவன் வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு போய் வாங்கி வந்தான். கருகிய இலையை அவனே பிரித்தான். ஆவியோடு தேங்காய்ப்பால் வாசனை எழுந்தது. அவள் ஒரு பாதியைப் பிய்த்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"எவ்ளோ மாவுச்சத்து இருக்கும், சொல்லுங்க பாப்போம்."

கையை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தான். ஏர்கோனுக்கு வாயு ஏற்றும்போது முள்ளைப் பார்ப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டான்.

"பத்து கிராம்?"

"கூட."

"இருவது?"

அவள் மற்றப் பாதியை வாயில் போட்டுக்கொண்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கவனமாக நிறுத்துப் பார்த்தான். சூடு உள்ளங்கையில் பரவியது. எண்ணெய்ப் பிசுக்கு விரலிடுக்கில் இறங்கியது. கண்ணைத் திறந்தபோது அவள் அதை மென்றுகொண்டே, கன்னம் உப்ப, அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.