மாப்பிள்ளையின் தொடை வார்

மலைச்சரிவில் மருமகன் விரித்துப் போட்டிருந்த பாராகிளைடரைப் பார்த்ததுமே பெரியவர் முகத்தைச் சுளித்தார். இறக்கைத் துணியைக் குதிரை லாடம் போல வளைத்து விரிக்க வேண்டும். நூல்களைக் கொத்துக் கொத்தாகத் தூக்கிப் பார்த்து, சிக்கோ சுள்ளியோ இல்லை என்று தெரிந்த பிறகுதான் உடம்போடு பூட்ட வேண்டும். இவனோ ஈரப் போர்வையை வீசியது போலப் போட்டிருந்தான். துணியின் ஓரத்தில் ஆட்டுப் புழுக்கை அப்பியிருந்தது. கொஞ்சம் தள்ளி, அவன் மென்று துப்பிய சூயிங்கம்.

மகள்தான் முட்டி போட்டு நூல்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பறக்கக் கற்றுக்கொடுப்பது அந்தக் குடும்பத்தின் தொழில். அவர்கள் மேட்டிலிருந்து கிளம்பியவர் யாரும் இதுவரை அடிபட்டதில்லை. அந்தப் பெயரைத்தான் பெரியவர் சொத்தாக நினைத்தார். அதற்குப் பின்னால் ஒரு வழக்கம் இருந்தது. யாராக இருந்தாலும், இன்னொருவர் வந்து, ஆளை இருக்கையோடு கட்டும் மார்பு வாரையும் தொடை வார்களையும் பிடித்து இழுத்துப் பார்க்காமல் பறக்க ஓடக் கூடாது. பெரியவரையே மகள் இழுத்துப் பார்ப்பாள்.

மருமகனை மட்டும் யாரும் இழுப்பதில்லை. கல்யாணமான புதிதில் மகள் ஒருமுறை இழுக்கப் போய், அவன் முகம் தொங்கிப்போனது. "மாப்பிள்ளையை நாலு பேர் முன்னாடி சோதிக்காதே, நமக்குத்தான் கேவலம்" என்று அவளைத் தடுத்தவர் பெரியவரேதான்.

இன்று மருமகனின் அப்பா வேறு வந்திருந்தார். மடக்கு நாற்காலியில் சாய்ந்து, கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார்.

"டேய், இந்தப் பக்கம் திரும்பு. தொப்பை தெரியுது, உள்ள இழு."

எல்லா வார்களையும் மாட்டி முடித்த மருமகன், "ஒரு நிமிஷம்ப்பா" என்று அத்தனையையும் கழற்றிவிட்டுப் புதருக்குப் பின்னால் போனான். திரும்பி வந்து, கையைக்கூடக் கழுவாமல், இருக்கையைத் தோளில் போட்டு மார்பு வாரைப் பூட்டினான். இறக்கையை இணைத்துக்கொண்டு, அதை அடக்கும் பிரேக் பிடிகளைக் கையில் எடுத்தான்.

"ஏங்க, ஒரு தடவை பாத்துடட்டுமா?" என்றாள் மகள்.

"அப்பா வீடியோ எடுக்குறாரு. காலைத் தடவிக்கிட்டு நிக்காத."

"அப்படிச் சொல்லுடா!" என்று சம்பந்தி சிரித்தார்.

மகள் பெரியவரைப் பார்த்தாள். அவர் மேகத்தைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காற்று நேராக வந்தது. மருமகன் முன்னால் நடந்து இழுக்க, இறக்கை எழுந்து தலைக்கு மேல் நின்றது. அப்போதுதான் பெரியவர் கண்ணில் பட்டது. அவன் முழங்கால்களுக்குப் பின்னால் இரண்டு கறுப்பு வார்கள் வால் போல ஆடிக்கொண்டிருந்தன. இரண்டு தொடையும் பூட்டப்படவில்லை. கால் தரையை விட்டால் ஆள் இருக்கையிலிருந்து வழுக்கி, அக்குளில் தொங்கி, கை ஓய்ந்ததும் பள்ளத்தில் விழுவான்.

"நில்லுங்க மாப்பிள்ளை!"

அவன் நிற்கவில்லை. பஸ்ஸுக்காகக்கூட ஓடியறியாத பெரியவர் விழுந்தடித்து ஓடி, அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு தொங்கினார்.

"பிரேக்! ரெண்டையும் அடி வரைக்கும் இழுங்க!"

இறக்கை சுருண்டது. இருவரையும் புழுதியில் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய் அடங்கியது.

"என்ன சம்பந்தி இது, திருடனைப் பிடிக்கிற மாதிரி!" என்று சம்பந்தி எழுந்து வந்தார்.

பெரியவர் வாரின் நுனியைத் தூக்கிக் காட்டினார்.

"அட, வார்தானே? மறந்திருப்பான். அதுக்கு இவ்வளவு ரகளையா?"

மருமகன் கறுப்புக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "மேல போய் மாட்டியிருப்பேன் மாமா" என்றான்.

பெரியவருக்கு வாயெல்லாம் கசந்தது. அந்தரத்தில் தொங்குகிறவன் அதை மாட்ட முடியாது என்பதுகூடத் தெரியாமல், ஹெல்மெட்டில் 'வானத்து ராஜா' என்று எழுதி வைத்திருக்கிறான். ஆனால் அந்த அருவருப்பில் பாதி அவர்மேலேயே திரும்பியது. மகள் கேட்டபோது மேகம் பார்த்தவர் அவர்தான்.

"இன்னைக்கு நீங்க பறக்கல. கழட்டுங்க."

"அப்பா அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்காரு மாமா..."

"பாக்கட்டும். நான் பறக்குறேன்."

தம்முடைய இருக்கையை மாட்டிக்கொண்டு, சம்பந்தியின் கைபேசிக்கு நேர் எதிரில் போய்க் காலை அகட்டி நின்றார்.

"வாம்மா. இழு."

மகள் முட்டி போட்டுத் தொடை வாரை வெடுக்கென்று இழுத்தாள். பெரியவர் ஆடிப்போனார். சம்பந்தி களுக்கென்று சிரித்தார். பெரியவரின் காது மடல் சுட்டது.

"அப்பா, உங்க முட்டியில சூயிங்கம் ஒட்டியிருக்கு."

"இருக்கட்டும். அந்தக் காலையும் இழு. நாளையிலேருந்து முதல்ல மாப்பிள்ளை, அப்புறம் நான்."

மகள் இரண்டாவது வாரையும் இழுத்துவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"காதுல விழுந்துச்சாங்க?"

அவன் புதிதாக ஒரு சூயிங்கத்தை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தான்.