காய்ச்சலின் மூன்றாம் நாள்

ஆள் வருவதற்கு முன்னாலேயே விசில்காரரின் இருமல் வந்துவிட்டது. ருசி அறையின் நீள மேசையில் டீ ஊற்றிய நாற்பது கோப்பைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்த கறார், கை நின்று, நிமிர்ந்து பார்த்தாள். நேற்று லீவு போட்ட மனிதர் இன்று வரமாட்டார் என்று நினைத்திருந்தாள். அவருக்காவது, லீவாவது.

கறார் என்பது அந்த டீத்தூள் கம்பெனி அவளுக்கு வைத்த பெயர். கோப்பையில் இலை அரை கிராம் கூடினாலும் கவிழ்த்துவிட்டு மறுபடி போடச் சொல்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? விசில்காரர் அவளுக்கு மேலே, தலைமை ருசி பார்ப்பவர். கரண்டியில் எடுத்த டீயை அவர் உறிஞ்சினால் விசில் மாதிரி மூன்று அறை தாண்டிக் கேட்கும். காற்றோடு சேர்த்து ஒரே இழுப்பு. டீ தூறலாக மாறி நாக்கு, அண்ணம், மூக்கு எல்லாவற்றையும் தொட வேண்டும். தொழிலே அதுதான். அந்தத் தூறலில் கொஞ்சம் மேசையில் விழும், கொஞ்சம் பக்கத்தில் நிற்பவர் முகத்தில் விழும். பெரிய மனுஷரின் தூறல் என்று எல்லோரும் பேசாமல் துடைத்துக்கொள்வார்கள்.

அந்த அறைக்கென்று சில முறைகள் உண்டு. முதலில் விசில்காரர், ஓர் எட்டு பின்னால் கறார், கடைசியில் கறாரின் தம்பி பொண்டாட்டி. மூன்று பேரும் ஒரே கோப்பையில்தான் கரண்டி விட வேண்டும். ஆளுக்கொரு கோப்பை வைத்தால் ஆளுக்கொரு ருசி சொல்வார்கள் என்பது விசில்காரரின் சட்டம். கரண்டியை அலசுவதற்கும் நடுவில் ஒரே தம்ளர்தான். பத்து மணிக்கெல்லாம் அந்தத் தண்ணீர் தரை துடைத்த தண்ணீர் மாதிரி ஆகிவிடும். ஜன்னலைத் திறந்தால் கொலைக் குற்றம். வெளிக்காற்று பட்டால் வாசனை கெட்டுவிடுமாம்.

தம்பி பொண்டாட்டிக்கு இது ஏழாவது மாதம். போன தடவை ஐந்தாம் மாதத்திலேயே கலைந்துபோனது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. கறாரும் எடுக்கவில்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு ஒரு வாரம் அழுதாள், அவ்வளவுதான். நாத்தனார் அழுதாள் என்றால் யார் நம்புவார்கள்? வீட்டிலும் நாத்தனார், வேலையிலும் நாத்தனார், அந்தப் பெண் என்ன பாவம் செய்தாளோ என்று கம்பெனியே அவளுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தது. கறார் குரலை உயர்த்தினால் போதும், அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிடும். மூன்று வருஷமாக இதுதான் கதை.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மா வீட்டுக்குப் போனவள், இன்று காலை பஸ்ஸில் நேரே வேலைக்கு வருகிறாள். இன்னும் பத்து நிமிஷம்.

"என்ன அப்படிப் பார்க்கிற?" என்றார் விசில்காரர். "காய்ச்சல் விட்டுடுச்சு. நெத்தியத் தொட்டுப் பாரு, ஜில்லுன்னு இருக்கு."

அவர் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டை எட்டிப் பார்த்தது. நான்கு குழி காலி.

"காய்ச்சல் தானா விட்டுச்சா, இல்ல மாத்திரை விரட்டுச்சா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணு இல்ல சார். மாத்திரை காய்ச்சலத்தான் அமுக்கும், கிருமிய இல்ல. மாத்திரை போடாம ஒரு முழு நாள் காய்ச்சல் வராம இருக்கணும். அப்பத்தான் விட்டுச்சுன்னு சொல்லலாம். உங்களுக்கு எப்ப ஆரம்பிச்சுது?"

"திங்கக்கிழமை ராத்திரி."

"அப்ப இன்னிக்கு மூணாவது நாள். முதல் மூணு நாலு நாள்லதான் ரொம்ப வேகமா ஒட்டும். அஞ்சு நாள், ஏழு நாள் வரைக்கும்கூட ஒட்டும். நீங்க வீட்டுக்குப் போங்க."

விசில்காரர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "நீ எப்ப டாக்டருக்குப் படிச்ச?"

படிக்கவில்லை. தம்பி பொண்டாட்டியைப் போன மாதம் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனபோது கேட்டுக்கொண்டு வந்தாள். ஊரெல்லாம் ஃப்ளூ, பிள்ளைத்தாய்ச்சிக்கு வந்தால் நுரையீரல் வரைக்கும் போய்விடும், தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து என்று அந்த அம்மா சொன்னார். எத்தனை நாள் ஒட்டும், எப்போதிலிருந்து ஒட்டும் என்று கறார் விரல் விட்டு எண்ணி எண்ணி மூன்று தடவை கேட்டாள். நான்காவது தடவை டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "வெளியே இன்னும் இருபது பேர் இருக்காங்கம்மா" என்றார். இருக்கட்டுமே.

"நான் போனா, மத்தியானம் போக வேண்டிய சாம்பிளுக்கு யாரு பதில் சொல்றது?" என்று விசில்காரர் கரண்டியை எடுத்தார். "கொதிக்கிற தண்ணியில எந்தக் கிருமி உயிரோட இருக்கும்? சும்மா பயந்து சாகாத."

"கொதிக்கிறது கெட்டில்ல. கோப்பைக்கு வந்து ஆறின பிறகுதான் நாம கரண்டி விடுறோம். அதுல உங்க எச்சில் கரண்டி, அதே தம்ளர்ல அலசல். அத விடுங்க. நீங்க உறிஞ்சுற உறிஞ்சுல இந்த ரூம் பூரா தூறல் போடுது. ஜன்னல் வேற மூடியிருக்கு. அவ இங்க வந்து நின்னா என்ன ஆகும்?"

"உன் தம்பி பொண்டாட்டிக்குத்தான் ஃப்ளூ ஊசி போட்டாச்சுன்னு சொன்னியே."

"முந்தாநாள்தான் அம்மா ஊர்ல போட்டா. அது வேலை செய்ய ரெண்டு வாரம் ஆகும்."

"என் இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல, நேத்தத் தவிர, இருமல், தும்மல்னு ஒரு நாள் நின்னதில்ல!"

பெருமையாகச் சொன்னார். அந்தப் பெருமையில் இந்த அறையில் எத்தனை பேர் படுத்து எழுந்தார்களோ, யார் எண்ணினார்கள் என்று கறாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் முதல் கோப்பையை நோக்கிக் குனிந்தார். அவள் கையை நீட்டி அந்தக் கோப்பையை எடுத்தாள். எடுத்து, துப்பும் தொட்டியில் கவிழ்த்தாள். அடுத்ததையும் கவிழ்த்தாள். எடை பார்த்து, நேரம் பார்த்து, அவளே போட்ட டீ. பன்னிரண்டாவது கோப்பை வரை அவர் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்குப் பைத்தியமா?"

"ஆமான்னே வெச்சுக்கோங்க."

நாற்பதும் காலியானது. பிறகு அவள் நேரே போய் ஜன்னல் கொக்கியைப் பிடித்து இழுத்தாள். வர மாட்டேன் என்றது. செருப்பைக் கழற்றி நாலு போட்டதும் திறந்துகொண்டது. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அந்த அறைக்குள் வெயிலும் காற்றும் கேட்காமல் நுழைந்தன. அடுத்த ஜன்னல், அதற்கடுத்த ஜன்னல் என்று மூன்றையும் திறந்தாள்.

சத்தம் கேட்டு மேனேஜர் ஓடி வந்தார். வராந்தாவில் அவருக்குப் பின்னால், தோளில் பையோடு, வயிற்றில் ஒரு கையோடு தம்பி பொண்டாட்டி நின்றாள். உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாத முகம்.

"அங்கேயே நில்லு!" என்றாள் கறார். அவள் நின்றாள். வழக்கம் போலக் கண் கலங்கியது.

விசில்காரர் மேனேஜரிடம் முறையிட ஆரம்பித்தார். டீயைக் கொட்டிவிட்டாள், ஜன்னலை உடைத்துவிட்டாள், தன்னை வீட்டுக்குத் துரத்துகிறாள். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மத்தியானத்துக்குள் சாம்பிள் முடிவு போயாக வேண்டும், சின்ன விஷயத்தைப் பெரிசு பண்ணாதீர்கள் என்றார்.

"சின்ன விஷயம் இல்ல சார்," என்றாள் கறார். "எங்க வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு போயிடுச்சு. இன்னொண்ண நான் இந்த டீக்குக் குடுக்க மாட்டேன். இவர் இந்த ரூமுக்குள்ள இருந்தா, அவ வர மாட்டா. வேலைய விட்டுத் தூக்குறதுன்னா என்னைத் தூக்குங்க."

வராந்தாவில் தம்பி பொண்டாட்டியின் கை வயிற்றின் மேல் இறுகியது. அந்தப் பேச்சை இவள் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை.

மேனேஜர் கைக்கடிகாரத்தை விட்டு நிமிர்ந்தார். வென்றுவிட்டோம் என்றுதான் கறார் நினைத்தாள். அப்போதுதான் விசில்காரர், தோற்கிற ஆளுக்கே வரும் குசும்போடு, கேட்டார்: "சரிம்மா. எனக்குக் காய்ச்சல் திங்கக்கிழமை ராத்திரி. எப்பலேருந்து ஒட்டும்னு உங்க டாக்டரம்மா சொன்னாங்க?"

"காய்ச்சல் வர்றதுக்கு ஒரு நாள் முன்னாடியே..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள்.

"திங்கக்கிழமை பூரா என் பக்கத்துல நின்னது யாரு? என் கோப்பையில கரண்டி விட்டது யாரு? என்னை மட்டும் துரத்துறியே, நீ எந்தக் கணக்குல உள்ள நிக்கிற?"

மேனேஜர் சிரித்துவிட்டார். விசில்காரர் அவளை மடக்கிவிட்டார் என்று நினைத்தார் போலிருக்கிறது.

கறார் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். திங்கட்கிழமை முப்பத்தாறு கோப்பை. ஒவ்வொன்றிலும் அவர் எடுத்த கையோடு அவள் எடுத்தாள். உடம்புக்குள் நுழைந்தது வெளியே காட்ட இரண்டு நாள் ஆகலாம், நாலு நாளும் ஆகலாம். காட்டுவதற்கு ஒரு நாள் முன்பே மற்றவருக்குக் கொடுக்கும். அப்படியென்றால் இன்று. இந்த நிமிஷம். இவரை வாசலில் நிறுத்திவிட்டு, இவளே அந்தப் பெண்ணின் பக்கத்தில் நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டிருப்பாள். சாயங்காலம் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் வீட்டுக்குப் போவாள். ஊரையெல்லாம் எண்ணியவள் தன்னை எண்ண மறந்துபோனாள்.

வெட்கம் காதுவரை சுட்டது. ஆனாலும் பின்வாங்க அவளுக்குத் தெரியாது.

"நீங்க சொல்றது சரி சார்," என்றாள் விசில்காரரைப் பார்த்து. "நானும் வெளியேதான் இருக்கணும். வாங்க, ரெண்டு பேரும் போலாம்."

சிரிப்பு நின்றது. "அப்ப சாம்பிள்?" என்றார் மேனேஜர்.

"அவ பார்ப்பா."

"கடைசி ஆளா? தனியாவா?"

"மூணு வருஷமா நாங்க ரெண்டு பேரும் கலக்கி ஆற வெச்சதக் குடிச்சே சரியாச் சொல்றா. முதல் கரண்டியில சொல்ல மாட்டாளா?"

இதை அவள் அந்தப் பெண்ணிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போதுகூட அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. கைக்குட்டையை மூக்கு வாய் மறைத்துக் கட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகத் தோட்டத்துக்கு இறங்கினாள். விசில்காரர் மூன்று தடவை தும்மிவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தார். முடிவு போகும் வரை வீட்டுக்குக் கிளம்ப இருவருக்கும் மனசில்லை; ஆளுக்கொரு மூலையில், ஆளுக்கொரு கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்தார்கள்.

"மேசையச் சோப்புப் போட்டுத் துடைக்கச் சொல்லு!" என்று கறார் அங்கிருந்தே கத்தினாள். "கோப்பைங்க எல்லாம் கழுவி மறுபடி டீ போடணும். கரண்டி உன்னோடத மட்டும் வெச்சுக்கோ. முடிஞ்சதும் கையச் சோப்புல இருபது எண்ணுற வரைக்கும் தேய்க்கணும். ஜன்னல மூடின, கொன்னுடுவேன்!"

அரைமணி கழித்துத் திறந்த ஜன்னல் வழியே உறிஞ்சும் சத்தம் கேட்டது. முதலில் தயங்கி, பிறகு நெடுக, சுத்தமாக. விசில்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "இழுப்பு நல்லாத்தான் இருக்கு," என்றார், யாரோ கேட்டது போல. பன்னிரண்டு மணிக்குள் நாற்பதும் முடிந்து, தம்பி பொண்டாட்டியின் கையெழுத்தோடு முடிவு போனது.

மத்தியான வெயிலில் கறாருக்குத் தோளில் குளிர் ஏறியது. முதுகெலும்பு முழுக்க வலி. வந்துவிட்டது. பயப்படுவதற்குப் பதில் அவளுக்கு ஒரு முரட்டுச் சந்தோஷம் வந்தது. நீ என்னிடம் வந்தாய், அவளிடம் போகவில்லை. தம்பிக்கு போன் போட்டாள்.

"மாடி ரூம்ல என் துணிய வெச்சுடு. சாப்பாடு படியில வெச்சுட்டுப் போகணும். ஏழு நாள். அவ மாடிப்படியில கால் வெக்கக் கூடாது."

"வெறும் சளிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமாக்கா?"

"ஆமாடா. வெறும் சளிக்குத்தான்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது தம்பி பொண்டாட்டி பின்வாசல் படியில் நின்றுகொண்டிருந்தாள். நடுங்குகிறவளைப் பார்த்துவிட்டாள். "அண்ணி, உங்களுக்கு உடம்பு சுடுதா?" என்று ஒரு படி இறங்கினாள். இன்னொரு படி.

"கிட்ட வராத!"

தோட்டமே அதிர்ந்தது. மூன்று வருஷத்தில் அவ்வளவு சத்தமாக அவள் கத்தியதில்லை. விசில்காரர் பெட்டியிலிருந்து எழுந்தேவிட்டார்.

தம்பி பொண்டாட்டி நின்றாள். கண் கலங்கவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாத்தனாரை நேருக்கு நேர் பார்த்து, "சரி அண்ணி," என்றாள். "வரல."