உப்புப் பூத்த தொட்டி

எண்பத்தைந்தாம் வருஷம் வைகாசியில் அசேலியாப் பூச்செடி ஒருமுறை சாகப் பார்த்தது. தட்டு போன்ற தொட்டியில் சாண் உயரத்துக்குக் குறுக்கி வளர்த்த போன்சாய். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தது. விழுப்புரம் லோகோ ஷெட்டில் பாய்லர் ஃபிட்டரான மரியஅந்தோணிக்குக் காரணம் பிடிபட்டது. கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு எஞ்சின் குழாயையே அடைத்துவிடும். இந்தச் செடி எம்மாத்திரம்? ஆடி மழையில் பீப்பாய் நிறைந்ததும் அதை மட்டுமே ஊற்றினார். துளிர் பச்சையாக வந்தது.

அது மகள் இருதயசெல்வி வளர்த்தது. ஊட்டியில் நர்ஸாக இருந்தாள். சென்ற ஐப்பசியில் காய்ச்சல் என்று தந்தி வந்தது. அவர் போய்ச் சேர்ந்தபோது பிணவறையில் கிடந்தாள். அன்றே மலைப்பாதை சரிந்தது. உடலை இறக்க வழியில்லை. அங்கேயே புதைத்துவிட்டு, பாதை திறந்ததும் டிரங்குப் பெட்டியும் இந்தத் தொட்டியுமாகத் திரும்பினார்.

புரட்டாசியில் இலை ஓரங்கள் கருகிச் சுருண்டன. செடி நிழலில்தான் இருந்தது, வெயில் காரணமில்லை. மண்ணை முகர்ந்தார். அழுகல் வாடை இல்லை. மேலே வெள்ளையாகப் பூத்திருந்ததைத் தொட்டு நாக்கில் வைத்தார். கரித்தது.

"அருளு, செடிக்கு என்னா ஊத்தற?"

மனைவி அருள்ராணி பாட்டிலோடு வந்தாள். ஞாயிறுதோறும் பாசஞ்சரில் திண்டிவனத்துக்குப் போய்ப் பூசை கண்டு, தீர்த்தம் கொண்டுவருவாள். அங்கே வயதான சாமியார் இன்னும் உப்புப் போட்டுத்தான் மந்திரிப்பார். வீட்டில் தெளிக்கத்தான் கொண்டுவருகிறாள் என்று மரியஅந்தோணி நினைத்திருந்தார்.

"தீர்த்தந்தான். விஷமா ஊத்திட்டேன்?"

"உப்புடி அது. ஒரு எலை தங்காது."

"தங்கி? பறிச்சிக் கொழம்பு வெக்கப் போறீங்களா?"

"அவ வளத்தது."

"எனக்குத் தெரியாதா? கல்லறைத் திருநாள் வருது. ஊர்ல அவங்கவங்க ஜனத்தோட குழியில தீர்த்தம் தெளிப்பாங்க. நான் எங்க போயி தெளிக்க? ஒரு வாட்டி ஊட்டிக்கு இட்டுக்கினு போனீங்களா?"

அவர் மண்ணில் பூத்த வெள்ளையை நகத்தால் சுரண்டினார்.

"பொண்ணை இட்டாரேன்னு போயி செடியத் தூக்கிக்கினு வந்தீங்க. எங்கையில குடுத்தது இது ஒண்ணுதான்."

தண்டின் அடியில் ஒரு துளிர் இருந்தது. மழைத் தண்ணீர் விட்டு மண்ணை அலசினால் பிழைக்கும். அவர் உள்ளங்கையால் மண்ணை மூடிக்கொண்டார். அவள் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பீப்பாய் வழியும் சத்தம் கேட்டது.

அவர் கையை எடுத்தார்.

கல்லறைத் திருநாளன்று செடியில் இலை ஒன்றும் இல்லை. அருள்ராணி தொட்டி மண்ணில் மெழுகுவர்த்தி நட்டு ஏற்றினாள். காற்றில் அணையாமல் அவர் கையால் மறைத்துப் பிடித்தார்.