சன்னலில் தூண்டில் போட்ட புது மாப்பிள்ளை

ஐம்பத்தெட்டு வயதில் மறுமணம் செய்துகொண்ட ஆண்பிள்ளை கொஞ்சம் அடக்கமாக இருக்கலாம். எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்து ரொதியோனுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. "முப்பத்திரண்டும் சொந்தப் பல்லாக்கும்" என்று இந்தப் புது மனைவி ஃபைனாவிடம் பழக ஆரம்பித்த அன்றே பீற்றிக்கொண்டவன். மேல்வரிசை முழுக்கக் கட்டுப்பல். அதைத் தனக்கும் பல் டாக்டருக்கும் தவிர யாருக்கும் தெரியாமல் காப்பாற்றி வந்தான், பெண்டாட்டி உட்பட.

பனி கொட்டும் பெர்ம் நகரத்தில் அக்டோபர் முடிந்தால், குளிர்காற்று புகாதபடி சன்னலை ஒட்டி அடைத்தாக வேண்டும். ஃபைனா ஒட்டிய சன்னலோரம் தீக்குச்சிச் சுடர்கூட ஆடாது என்று அவளுக்குப் பெயர். மாவுப் பசை காய்ச்சினாள், செய்தித்தாளைப் பட்டை பட்டையாகக் கிழித்தாள். இரட்டைச் சன்னலின் உள்சட்டத்துக்கும் வெளிச்சட்டத்துக்கும் நடுவே பஞ்சு பரப்பி, கண்ணாடியில் ஈரம் கோக்காமலிருக்க ஒரு தம்ளர் உப்பும் வைத்தாள். பிறகு பசைச்சட்டியை எடுக்க அடுக்களைக்குப் போனாள்.

அந்த இடைவெளியில்தானா ரொதியோனுக்கு ஈறு அரிக்க வேண்டும்? பல்லைக் கழற்றிவிட்டுச் சொறிந்துகொண்டிருந்தவன் காதில் அவள் செருப்புச் சத்தம். போட்டிருந்ததோ பனியன், பையில்லை. கையிலிருந்ததை உப்புத் தம்ளரில் செருகி, அறைப் பக்கமாகப் பஞ்சை இழுத்து மறைத்தான்.

"தள்ளுய்யா" என்று உள்சட்டத்தைச் சாத்தினாள் ஃபைனா. தாளை ஒட்டிக் கட்டைவிரலால் நீவினாள். "இனிமே ஏப்ரல்லதான் தொறப்பு. நடுவுல எவனாச்சும் பேப்பர்ல கை வச்சான், கை இருக்காது."

அன்றிலிருந்து அவன் தாடையைச் சுற்றிக் கம்பளித் துண்டு. கேட்டால் ஈறு வீக்கம். மூன்று வேளையும் கஞ்சி.

"சனிக்கிழமை எங்க அண்ணனுங்க விருந்துக்கு வர்றாங்க. நீதான் எழுந்து நின்னு வாழ்த்துப் பேசணும். துண்டோடயா பேசுவ?" என்றாள் அவள். கஞ்சி அவனுக்குப் புரையேறியது.

சனிக்கிழமை காலை அவள் கடைக்குக் கிளம்பியதுதான் தாமதம், உறைந்த ஆற்றில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கிற குட்டைத் தூண்டிலோடு முக்காலியில் ஏறினான். சன்னலின் உச்சியில் காற்றுக்காக ஒட்டாமல் விட்ட சின்னக் கதவைத் திறந்தான். சட்டங்களுக்கு நடுவே கொக்கியை இறக்கித் துழாவினான். அரைமணி நேரமாகியும் எதுவும் சிக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம், அண்ணே!"

சன்னலுக்கு வெளியே, வாசலில் கம்பளம் தட்டிக்கொண்டிருந்த மேல்வீட்டுக் கிளாவ்தியா. பக்கத்தில் பாதிக் குடியிருப்பு.

"எ... எது இடது பக்கம்?"

"அந்தத் தம்ளர்தான்! ஒரு வாரமா எங்களப் பாத்து இளிக்குதே. அதுக்கு வணக்கம் சொல்லிட்டுதான் நாங்க பஸ்ஸுக்கே போறோம்."

அறைப் பக்கம் பஞ்சை இழுத்தவன், தெருப் பக்கத்தை யோசிக்கவில்லை!

"ஐயோ, ஃபைனாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று பொக்கை வாயால் கெஞ்சினான்.

"யாரும் சொல்ல வேணாம்" என்றது கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல். கையில் முட்டைக்கோஸ் பையோடு ஃபைனா. "நான் ஒட்டின மறுநாளே பாத்துட்டேன். ஐயா எத்தன நாளைக்குக் கஞ்சி குடிக்கிறாருன்னுதான் பாத்துட்டிருந்தேன். முப்பத்திரண்டும் சொந்தமாக்கும்!"

"காசு குடுத்துதான வாங்கினேன்? அப்ப சொந்தம்தான?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஃபைனா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"வாயாடாம இழு. பேப்பர் கிழிஞ்சுது, கீழ்வரிசையும் உனக்குச் சொந்தமா இருக்காது."

கொக்கி சிக்கியது. உப்பை உதிர்த்தபடி, ஆடி ஆடி மேலேறி வந்தது பல். கிளாவ்தியா கைதட்டினாள். கழுவத் தோன்றாமல் அப்படியே வாயில் மாட்டிக்கொண்ட ரொதியோனின் முகம் எட்டுக் கோணலாயிற்று.

ஃபைனா உள்ளே வந்து முதலில் புருஷனைப் பார்க்கவில்லை. தீக்குச்சி கிழித்துச் சன்னலோரமாகக் கொண்டுபோனாள். சுடர் ஆடவில்லை. அதன் பிறகுதான் அவன் தாடைத் துண்டை அவிழ்த்துவிட்டாள்.

விருந்தில் ரொதியோன் வாழ்த்தெல்லாம் கணீரென்று பேசிவிட்டான். சூப்பில் உப்பே இல்லை என்று அண்ணன்மார் மூவரும் முகம் சுளித்தார்கள். ரொதியோன் மட்டும், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று கடைசிவரை சாதித்தான்.