ஏழரைச் சுற்று

எங்கள் இல்-பிசார் தீவில் பேருந்து மணிக்கு ஒன்றுதான் வரும். என் சிநேகிதன் சிவராசாவின் மகள் நிருஷா, பதினாறு வயதில் ஒருநாள் அதைத் தவறவிட்டு, ஓடிப்போய் அடுத்த தரிப்பில் பிடித்தாள். மறுவாரமும் தவறவிட்டாள். அப்போது பேருந்தை முந்தி அடுத்த தரிப்புக்கு ஓடிப்போய், அது வரும்வரை நின்று வீட்டுப்பாடம் எழுதினாள். சாரதி மேலிடத்தில் முறையிட்டதாகக் கேள்வி. நான் பொய் சொல்வதில்லை.

பிறகு பல்கலைக்கழகத்துக்காக ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் ஓடினாள். ஐந்து வருடம்தான் ஓட விடுவார்கள். நான்கு வருடமும் மாகாணப் போட்டியில் மூன்றாவது, நான்காவது. முதலாவதாக வருபவளுக்குத்தான் தேசியப் போட்டியில் இடம். இரண்டாயிரத்து ஆறு மாசியில் வந்தது அவளுடைய கடைசி வாய்ப்பு.

அன்று பனிப்புயல். மணி அடிக்கிற ஆள் வந்துசேரவில்லை. உள்ளரங்கில் ஏழரைச் சுற்று ஓட வேண்டும்; கடைசிச் சுற்று தொடங்கும்போது மணி அடிப்பார்கள். பற்றிக் என்ற நடுவர், கோட்டருகே சும்மா இருந்த என்னிடம் மணியைத் தந்து, அடிக்கத் தெரியுமா என்று கேட்டார்.

கோயிலில் பதினொரு வருடமாக வெள்ளிக்கிழமைப் பூசைக்கு மணி அடிக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஒருமுறை நான் அடித்த அடியில், வில்லரே வட்டாரத்தில் தெப்பனர் என்கிற மூலைக்கடைக்காரர்கள் இரண்டு பேர் தீ என்று நினைத்துக் கடையைப் பூட்டிவிட்டு ஓடினார்கள்.

கடைசிச் சுற்று வந்தது. போன வருடம் வென்ற றோசா முன்னால், நிருஷா பின்னால். அடித்தேன். பூசை மணியை இடையில் நிறுத்தக் கூடாது, தீபம் இறங்கும்வரை அடிக்க வேண்டும். பழகிய கை. சுற்று முழுக்க அடித்தேன். பற்றிக் ஏதோ கத்தினார்; மணிச் சத்தத்தில் கேட்கவில்லை.

மணி கேட்கிறது, இன்னும் ஒரு சுற்று இருக்கிறது என்று றோசா மூச்சைச் சேமித்தாள். நிருஷா பாய்ந்து கோட்டைக் கடந்தாள். மற்றவர்கள் எல்லோரும் இன்னொரு சுற்று ஓடினார்கள்.

சிவராசா என்னைக் கட்டிப்பிடித்தான். "மச்சான், நீ மனிசனில்லை, தெய்வமடா!"

நிருஷா மூச்சிரைக்க நேரே பற்றிக்கிடம் போய், திரும்ப ஓட வேண்டும் என்றாள்.

"உனக்கென்ன விசரே? வெண்டதை ஆரும் திருப்பிக் குடுப்பினமே?" என்றான் சிவராசா.

"நான் ஓடி வெல்லேல்லை அப்பா. இந்த மாமாவைத் தெரிஞ்சபடியா வெண்டனான். இவர் நிப்பாட்டமாட்டார் எண்டு சின்னனிலயிருந்தே எனக்குத் தெரியும். றோசாவுக்குத் தெரியுமே?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது, ஒருவரும் கேட்கவில்லை.

பற்றிக் சம்மதித்தார். இரண்டு மணித்தியாலம் கழித்து மறுபடி ஓடினார்கள். இம்முறை பற்றிக்கே மணி அடித்தார். இரண்டு தட்டு, அவ்வளவுதான். அதையும் மணி என்கிறார்கள். கடைசி வளைவில் நிருஷா, றோசாவோடு தோளுக்குத் தோள் வந்தாள். நான் கதிரையில் ஏறி நின்றேன். றோசா நெஞ்சை முன்னே தள்ளிக் கோட்டைத் தொட்டாள். நிருஷா இரண்டாவது. இடையில் ஒரு வெற்றிலை அகலம்.

நிருஷா ஓடுபாதையிலேயே உட்கார்ந்து, முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்தாள். றோசா வந்து அவளைக் கட்டிக்கொண்டு பிரெஞ்சில் ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். சிவராசா முழந்தாளிட்டு மகளின் சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான்.

"கால் நோகுதோ பிள்ளை?"

"ஓம் அப்பா."

நானும் குனிந்து கையை நீட்டினேன்.

"நீ தொடாதை!" என்றான் சிவராசா.

"விடுங்கோ அப்பா," என்றாள் நிருஷா, மற்றக் காலை என் பக்கம் நீட்டி. "இதை மாமா கழட்டட்டும்."