இறைக்கக் கூடாத கிணறு

என் வீட்டுக்காரர் சுடலைக்கண்ணுவுக்குக் காதில் ஒரு குறையும் இல்லை. சொன்ன பேச்சைக் கேட்பதில்தான் குறை.

வடகரையில் எங்கள் வீட்டை ஒட்டியிருக்கும் பெட்ரோல் பங்கில், பூமிக்கடியில் இருந்த டாங்கி ஓட்டையாகி எங்கள் கிணற்றில் டீசல் மிதந்தது. அதை எடுக்க ஷெர்லின் என்று ஒரு இன்ஜினியர் பெண் வந்தாள். பங்குக்கும் கிணற்றுக்கும் நடுவே துளை போட்டுக் குழாய் இறக்கி, தண்ணீர் மேல் மிதக்கும் டீசலை மட்டும் சின்னப் பம்பால் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி டிரம்மில் சேர்த்தாள்.

"அங்கிள், கிணத்து மோட்டாரை மட்டும் போட்டுராதீங்க. இங்கன தண்ணி இறங்குனா, மண்ணுக்குள்ள கெடக்குற டீசல் பூராவும் இங்கதான் ஓடி வரும்" என்று போகும்போதெல்லாம் சொல்லிவிட்டுப் போவாள். அவரும் மண்டையை ஆட்டுவார்.

அப்போது எங்கள் மகள் பொன்செல்வி நிறைமாதம். தலைப்பிரசவம். சிவகிரியில் அவள் மாமியார் தங்கத்தாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "கிணறு சுத்தமானா பிள்ளைய அனுப்புதேன். இல்லன்னா பிரசவம் இங்கனதான்." அதைக் கேட்டதிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை.

நான் தென்காசிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன நேரம் பார்த்துக் காரியத்தைப் பண்ணிவிட்டார். வீட்டில் விசேஷம் என்றால் கிணற்றை ஒட்ட இறைத்து, தூர் வாரி, புதிதாய் ஊறும் தண்ணீரில் மஞ்சள் கரைத்து விடுவது எங்கள் வழக்கம். அதையே செய்திருக்கிறார். ஊறிய தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்ததாம். உடனே சிவகிரிக்குப் போன் போட்டு, "கிணறு சுத்தமாயிட்டு, பிள்ளைய அனுப்புங்க" என்றும் சொல்லியாயிற்று.

மறுநாள் விடியவும் நான் ஊர் திரும்பி வந்து பார்த்தால் முன்னைவிட இரண்டு பங்கு டீசல். ஷெர்லின் எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "இனி முதல்லருந்து எடுக்கணும், அங்கிள்."

வாய் ஓயும்வரை இவரை வைதேன். அவர் முகத்தைப் பார்க்கவும் எனக்குச் சகிக்கவில்லை. "சரி, யார்ட்டயும் மூச்சு விடாதீங்க. பிள்ளை வந்து சேரட்டும். கேன் தண்ணி வாங்கிச் சமாளிச்சுக்கிடலாம்" என்றேன்.

"ஏட்டி ஆனந்தவள்ளி, அந்தம்மா நம்மள நம்பி அனுப்புதாளே. வயித்துப்பிள்ளைக்காரி விஷயத்துல பொய் சொல்லலாமா?"

போனை எடுத்தார். நடந்ததை ஒன்று விடாமல் தங்கத்தாயிடம் சொன்னார். "பிள்ள அங்கனயே இருக்கட்டும்மா" என்று முடிக்கும்போது அழுதுவிட்டார். தங்கத்தாய் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவர் கிணற்றடியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. எனக்கு வைய மனசு வரவில்லை.

சாயங்காலம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பின்னாலேயே டிரம் டிரம்மாகத் தண்ணீர் ஏற்றிய லோடு ஆட்டோ. காரிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு பொன்செல்வி இறங்கினாள். இவர் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார்.

பின்னால் இறங்கிய தங்கத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "போன்ல நீங்க அழுததக் கேட்டதுலருந்து இவ பச்சத்தண்ணி குடிக்கல, அண்ணாச்சி. தண்ணிய நான் அங்கனருந்து அனுப்பிருவேன். அப்பாவுக்கு எங்க போவேன்?"