வலப்பக்கச் சில்லு

பிக்கப்பின் முன்சில்லுகள் அசையவே இல்லை. பின்சில்லுகள் மட்டும் இருந்த இடத்திலேயே சுழன்று, வெள்ளை வேட்டியோடு தள்ள வந்தவர்களுக்குச் சேற்றை அள்ளிப் பூசின. கணவர் நாகேந்திரத்தின் உடலுக்குத் தலைமாட்டில் இருந்த ஜெகதீஸ்வரிக்கு யன்னலூடாக எல்லாம் தெரிந்தது.

தம்பி கதிர்காமநாதனை யார் அந்தப் பிக்கப்பைத் தொடச் சொன்னார்கள்? செத்தவீட்டுக்கு முற்றத்தில் இடம் வேண்டுமென்று காலையில் அதை வெளியே எடுக்கப் போனான். தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டி மூடிய இடம், இரவு மழையில் களியாகிக் கிடந்தது. வண்டி கேற்றுக்கு நடுவில் புதைந்துவிட்டது. ஆட்கள் ஒருக்களித்து உள்ளே வரலாம். சவப்பெட்டி போகாது. வெளியே ஒழுங்கைக்குள் நின்ற அமரர் ஊர்தியின் சாரதி, "இக்மன் கரண்ட மஹத்தயா" என்று சிங்களத்தில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தான்.

"அக்கா, இராகுகாலம் வரப்போகுது. மதிலுக்கு மேலால தூக்கி எடுப்பம்," என்று கதிர்காமநாதன் வந்து நின்றான்.

"மதிலாலயோ? அவர் என்ன களவெடுக்க வந்தவரே? கேற்றாலதான் போவார்."

"நாலு சில்லும் இழுத்தால் ஏறும். இது ஃபோர் வீல் கியருக்கு விழுந்தும் முன்சில்லு இழுக்குதில்லை."

இழுக்காது. அது அவளுக்குத் தெரிந்த கதைதான். போர்நிறுத்தத்தோடு யாழ்ப்பாணப் பாதை திறந்ததும், சாவகச்சேரியில் இருக்கும் அம்மாவைப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு பார்க்கலாமென்று அவள் துள்ளினாள். "ஃபோர் வீல் சரிவரட்டும், அந்தக் குண்டுகுழிக்குள்ள இது இல்லாமப் போகேலாது" என்றார் நாகேந்திரம். பிறகு ஞாயிறு தவறாமல் வண்டிக்கு அடியில் கிடந்தார். இந்தக் கலியாணமே வேண்டாமென்று நின்றவள் அம்மா. அதனால் ஜெகதீஸ்வரிக்குச் சந்தேகம் வந்தது. கடைசி இரவு அவள் கேட்டேவிட்டாள்: "வண்டியைச் சாட்டாதேங்கோ. என்ர அம்மாவின்ர முகத்தில முழிக்க விருப்பமில்லை எண்டு சொல்லுங்கோ." அவர் மறுபக்கம் திரும்பிப் படுத்தார். விடிய எழும்பவில்லை.

மருதானையில் கராஜ் வைத்திருக்கும் மக்கீன், நாகேந்திரத்தின் நெடுநாள் கூட்டாளி. செத்தவீட்டுக்கென்று உடுத்து வந்த வெள்ளைச் சாரத்தோடு சேற்றில் படுத்து அடியில் எட்டிப் பார்த்தார். "முன்னுக்குப் போற ஷாஃப்டும் சுத்துதே. அப்ப கோளாறு சில்லுலதான் ஈக்கி," என்று எழும்பினார். முன்சில்லின் நடுவில் ஒரு குமிழ் இருக்கும். அதைத் திருகிப் பூட்டினால்தான் சில்லு இழுக்கும். ஒரு பக்கம் பூட்டாவிட்டாலும் மற்றப் பக்கமும் சும்மாதான் நிற்கும். மக்கீன் இடப்பக்கக் குமிழைப் பார்த்தார், பூட்டித்தான் இருந்தது. வலப்பக்கத்தில் குனிந்தவர், தொடப்போன கையை எடுத்துக்கொண்டு யன்னலடிக்கு வந்தார்.

"தங்கச்சி, அந்தப் பொட்டச் சொரண்டட்டா?"

"எந்தப் பொட்டை, மக்கீன் நானா?"

"சில்லுல நீங்க வெக்கிறது. காஞ்சி இறுகி, குமிழ் பாதியில நிக்கிது."

வெள்ளிக்கிழமை தோறும் இரண்டு முன்சில்லுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பது அவள் வழக்கம். அவர் இருந்து ஓட்டும் பக்கமென்று வலப்பக்கத்துக்கு எப்போதும் கொஞ்சம் தாராளமாகவே அப்புவாள்.

"இது அவருக்குத் தெரியாதோ?"

மக்கீன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். "நான் அப்பவே சென்னேன். தொடவே உட இல்ல. 'அது அவ என்ட உசிருக்காக வெக்கிறது, அதுல கை வெக்காத, வேற எடத்துல பாரு'ன்னார். பொறகு கியர்பெட்டியக் கூடக் கழட்டிப் பாத்தோம்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"ஒங்கட மனசு நோகுமாம்."

ஜெகதீஸ்வரி எழும்பினாள்.

"இப்ப எழும்பக்கூடாது பிள்ளை," என்று பெண்கள் கையைப் பிடித்தார்கள். அவள் விடுவித்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் சொருகி, சேற்றுக்குள் இறங்கினாள். மக்கீனிடமிருந்து ஸ்குரூ டிரைவரை வாங்கிச் சில்லுக்கு முன்னால் குந்தினாள்.

மஞ்சள், சிவப்பு, மறுபடி மஞ்சள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையாக உதிர்ந்தது. அது புகாத மூலையை நகத்தால் கிண்டினாள். மக்கீன் குமிழை முழுவதும் திருகினார். உள்ளே 'டக்' என்று ஏதோ கொளுவியது.

"தம்பி, இப்ப மெதுவா எடுங்க," என்றார், வண்டிக்குள் ஏறிய கதிர்காமநாதனிடம்.

முன்சில்லுகள் இரண்டும் மண்ணைக் கவ்வின. பிக்கப் ஆரவாரமில்லாமல் ஏறி, ஒழுங்கைக்குள் போய் நின்றது.

நாகேந்திரம் கேற்றாலேயே போனார். பெண்கள் கேற்றோடு நின்றுகொண்டார்கள். ஊர்திக்குப் பின்னால் ஆண்களும் கடல்காற்றில் ஆடிய குடைகளும் திருப்பத்தில் மறைந்தன.

பெண்கள் அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்த் தலையில் தண்ணீர் வார்த்தார்கள். நெற்றியைத் துடைத்தார்கள். காலில் ஒட்டியிருந்த சேற்றை ஒருத்தி தேய்த்துக் கழுவினாள்.

"கையை விரி பிள்ளை, கழுவிவிடுறன்."

ஜெகதீஸ்வரி இடது கையை நீட்டினாள். சந்தனம் ஏறிய நகங்களை உள்ளே மடக்கி, வலது கையை ஈரச் சேலைக்குள் வைத்துக்கொண்டாள்.